வெறும் மடிக்கணினியைக் கொடுக்கக் கூடாது

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிப்பதற்கு முன்னால் என் மனைவி தனலெட்சுமி ஒரு சட்டம் போட்டாள். வீட்டில் எது இரண்டாக இருக்கிறதோ, அதில் ஒன்று வெளியே போக வேண்டும். இரண்டு இஸ்திரிப் பெட்டியில் ஒன்று போயிற்று. இரண்டு சுவர்க் கடிகாரத்தில் ஒன்று போயிற்று. சரியான நேரம் காட்டியதுதான் போனது, ஏனென்றால் மற்றது அவள் அண்ணன் கொடுத்தது. புருசன் ஒருவன்தான் என்பதால் நான் தப்பித்தேன்.

கடைசியில் அவள் கண் சாப்பாட்டு மேசையின் மூலைக்கு வந்தது. அங்கே என் இரண்டு மடிக்கணினிகள் இருந்தன.

"ஏங்க, இந்த ரெண்டுல எது போவுது?"

"யோசிக்கணும், தனம்."

"யோசிங்க. சாயம் அடிக்கிறவன் திங்கக்கெழம வரான்."

இரண்டுமே பழசு. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் ரூபேந்திரன், தான் புதிது வாங்கும்போதெல்லாம் பழையதை எனக்குத் தள்ளிவிடுவான். முதலில் வந்தது தடியன். பிறகு வந்தது ஒல்லியன். பெயர் வைத்தது நான்.

தடியனைப் பற்றிச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. ஒரு முறை அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் ஜொகூரில் கூலாயிலிருந்து செனாய்க்குப் போகும் வழியில் கயிறு அறுந்து ரோட்டில் விழுந்தது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. ஏறிவிட்டது. லாரிக்கு டயர் மாற்ற மத்தியானம் வரை ஆயிற்று. தடியனுக்கு ஒரே ஒரு எழுத்துப் பொத்தான் தெறித்துப் போனது. அதுவும் நான் அதிகம் புழங்காத எழுத்து. முடுக்கிவிட்டால் உள்ளே காற்றாடி சுற்றும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஓடுபாதையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து, செனாயில் இறங்க வந்த விமானம் இன்னொரு வட்டம் அடித்துவிட்டு இறங்கியது. அது சுற்றியதை வாசலில் நின்று நானே பார்த்தேன். சூடும் அப்படித்தான். மழைக்காலத்தில் தனலெட்சுமி காயாத கைலியை அதன் பக்கத்தில்தான் போடுவாள்.

ஒல்லியன் வேறு சாதி. சத்தம் கிடையாது, சூடு கிடையாது, உடம்பும் கிடையாது. ஒரு நாள் காணாமல் போய், பழைய பேப்பர் வாங்க வந்தவரின் லாரியில், பேப்பர் கட்டுக்கு நடுவிலிருந்து மீட்டோம். இன்னொரு நாள் அவசரத்தில் அதை யாரோ ரசச் சட்டிக்கு மூடியாக வைத்துவிட்டார்கள். ரசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு ஒல்லியனை வைத்துக்கொள்ள ஆசை. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. படுத்துக்கொண்டே வயிற்றில் வைத்துப் படம் பார்க்கலாம். தடியனை வயிற்றில் வைத்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. பின்வரிசையில் இருக்கும் தியாகராஜாவுக்கு.

தியாகு என் வயதுக்காரர். யாழ்ப்பாணத்து வம்சம். அவர் அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். இவரும் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் தூரத்தில். அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. மெல்பர்னில் இருக்கும் அண்ணன் தேவானந்தனை ஒரு முறையாவது டாம் ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும்.

கோப்பிக் கடைக்குப் போகிறவர்களுக்கு டாம் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பலகையில் பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம். கடையில் சோடா மூடியை வைத்து ஆடுவார்கள். காய் மூலைவாக்கில்தான் நடக்கும். எதிராளியின் காயைத் தாண்டிக் குதித்தால் அதை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆக வேண்டும். பரவாயில்லை, இருக்கட்டும் என்று மரியாதை பார்க்க முடியாது. எதிராளியின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்த காய் ஹாஜி ஆகிவிடும். அதற்குப் பிறகு அது நடக்காது, பறக்கும்.

அவர்கள் அப்பா செங்கால் மரத்தில் தன் கையாலேயே ஒரு டாம் பலகை செய்திருந்தார். அண்ணன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஏனென்று கேட்டதற்கு, "வெல்லுறவனுக்குத்தான் பலகை. ஒருக்கா என்னை வெண்டு காட்டு. நானே கொண்டு வந்து உன்ர கையில தாறன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அன்றிலிருந்து வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கைப்பேசியில் இருவரும் ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தியாகு தோற்பார்.

"ஜெயிக்காட்டி என்னலா, சும்மா வரச் சொல்லுங்களேன்" என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"கேட்டன் ஐசே. சொன்னது சொன்னதுதானாம்."

"அப்போ அவரே விட்டுக் குடுத்துத் தோக்கலாமில்ல?"

"அண்ணை விட்டுக் குடுக்கிற ஆளில்லை. குடுத்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும். நான் அந்தப் பலகையைத் தொடமாட்டன்."

இந்த வருடம் ஒரு செய்தி சேர்ந்துகொண்டது. தேவானந்தனின் இருதயத்தைப் பார்த்த டாக்டர், அடுத்த வருடத்திலிருந்து நீண்ட விமானப் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். தியாகுவோ விமானத்தில் ஏறவே பயப்படுகிறவர். அதாவது, அவர் இந்த வருடம் ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் அண்ணனை இனிமேல் கைப்பேசியில் கட்டைவிரல் அளவுக்குத்தான் பார்க்க முடியும்.

தியாகுவின் பெரிய எதிரி அண்ணன்கூட இல்லை, அவருடைய சொந்த விரல்தான். கைப்பேசியில் அந்தப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டமும் மிளகு அளவுக்குத் தெரியும். தியாகுவின் விரல் முருங்கைக்காய் போல. ஒரு காயைத் தொட்டால் பக்கத்துக் காய் நகரும். "ஐயோ அண்ணை, கை தவறிப்போச்சு" என்பார். மெல்பர்னிலிருந்து, "தொட்டது தொட்டதுதான்" என்று பதில் வரும்.

அதனால் சனிக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்து இரண்டையும் காட்டினேன். ரூபேந்திரனும் அன்றைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். இரண்டிலும் இருந்த என் படங்களையும் பாட்டுகளையும் ஒரு தனி வன்தட்டில் ஏற்றிவிட்டு, கணினிகளைத் துடைத்து வைத்திருந்தான்.

தியாகு ஒல்லியனை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தடியனை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். முகம் வேறு மாதிரி ஆயிற்று.

"இதை வீட்டுக்குக் கொண்டுபோறதெண்டால் எனக்கு இன்னொரு ஆள் வேணும், செல்லப்பன்."

"நான் வரேன்லா, தூக்கிட்டு" என்றேன் அவசரமாக.

"ஒல்லியன் வடிவாய் இருக்கு."

"வடிவா இருக்கு. ஆனா ஸ்க்ரீன் சின்னது. தடியனுக்குப் பெருசு. காய் ஒவ்வொண்ணும் சோடா மூடி அளவுக்குத் தெரியும்."

ரூபேந்திரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அப்பா, உண்மையைச் சொல்லுங்க. ஒங்களுக்கு ஒல்லியன் வேணும், அதானே?"

"நான் அவரோட கண்ணுக்காகச் சொல்றேன்டா."

"நல்லதை வச்சிக்கிட்டு ஒடசல குடுக்கிறது பாவம்" என்றாள் தனலெட்சுமி, சமையலறையிலிருந்து.

"தடியன் ஒடசலா? லாரியே ஏறியும்..."

"அந்த லாரிக் கதைய வேண்டாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே டயர் பஞ்சராவுது."

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. தியாகுவுக்கு ஒல்லியன் மேல் கண். எனக்கும் ஒல்லியன் மேல் கண். இருவரும் மரியாதைக்காரர்கள் ஆகையால், "நீங்க வச்சிக்குங்க", "இல்லையில்லை, நீங்க வைச்சிருங்கோ" என்று இரண்டு கோப்பி ஆறும் வரை பேசினோம். கடைசியில் நானே தோற்கும் நிலைக்கு வந்துவிட்டேன். ஒல்லியனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தவும் தொடங்கினேன்.

அப்போதுதான் ரூபேந்திரன் சொன்னான்: "எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க அங்கிள். ரெண்டையும் சுத்தமாத் தொடச்சிட்டேன். உள்ள ஒண்ணுமே இல்ல."

தனலெட்சுமி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஒண்ணுமே இல்லையா? வெறுமையாவா குடுக்கப் போறீங்க?"

எங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பாத்திரம் எங்கள் வாசலைத் தாண்டினால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். ஒரு பிடி அரிசி, ஒரு கரண்டி சீனி, ஏதாவது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், ஒரு நாள் கிண்ணத்தில் பலகாரம் கொடுத்தார். தனலெட்சுமி கிண்ணத்தில் முறுக்கு போட்டுத் திருப்பினாள். அவர்களுக்கும் வெறும் கிண்ணம் ஆகாது. மறுபடியும் குவே என்கிற அவர்கள் பலகாரத்தைப் போட்டு அனுப்பினார்கள். ரூபேந்திரன் பள்ளிக்கூடம் போகும்போது புறப்பட்ட கிண்ணம் அது. இன்னும் போய் வந்துகொண்டிருக்கிறது. கிண்ணம் யாருடையது என்று இப்போது இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

"ஆலமாக், அம்மா! இது லேப்டாப்பு. சட்டியா, பானையா?"

"தொறந்து மூடுதில்ல? அப்ப பாத்திரந்தான்."

ரூபேந்திரன் ஒல்லியனை ஒரு முறை திறந்து மூடிப் பார்த்தான். பல்கலைக்கழகம் படித்தவன்.

தனலெட்சுமி ஒல்லியனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் இடமில்லை. ஒரு அரிசி வைக்க இடமில்லை. பிறகு தடியனைப் பார்த்தாள். அதன் விலாவில் ஒரு பொத்தான் இருந்தது. பழைய காலத்து சிடி படத் தட்டு போடுவதற்காக ஒரு தட்டம் உள்ளேயிருந்து நாக்கு நீட்டுவதுபோல் வெளியே வரும். அமுக்கினாள். வந்தது.

"பாத்தீங்களா? நல்ல மனுசன் செஞ்சது."

உள்ளே போய்க் குலா மெலாக்காவில் ஒரு வில்லையைச் சீவிக் கொண்டுவந்தாள். தென்னம் பதநீரில் காய்ச்சிய அந்தக் கருப்பு வெல்லத்தை வாழை இலைத் துண்டில் வைத்துத் தட்டத்தில் பொருத்தி, உள்ளே தள்ளினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் போய் உட்கார்ந்தது.

"இதைக் குடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். மகன் படிப்பும் என் பேச்சும் தீர்க்காத வழக்கை ஒரு வில்லை வெல்லம் தீர்த்துவிட்டது. தடியன் போகிறான், ஒல்லியன் இருக்கிறான். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு தடியனைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தேன்.

மறுநாள் ஞாயிறு. தடியனில் முதல் ஆட்டம். மேசையில் தடியன், பக்கத்தில் மைலோ டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசி. கைப்பேசியில் அண்ணன் முகம், தடியனில் ஆட்டம். தியாகுவுக்குக் காய்கள் நன்றாகத் தெரிந்தன. கை தவறவே இல்லை. நன்றாகத் தெரிந்துகொண்டே தோற்றார்.

அடுத்த சில நாட்களில் நான் போனபோதெல்லாம் அவர் தோற்ற ஆட்டத்தைத்தான் விளக்கினார். கைப்பேசிப் பழக்கம் போகவில்லை. தடியனின் திரையிலேயே விரலை வைத்து இழுப்பார். அதற்குத் தொட்டால் உணர்ச்சி கிடையாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

"இஞ்சை பாருங்கோ செல்லப்பன். அண்ணை எப்பவும் காயை இப்பிடித்தான் கட்டுவார். முதல் ஒரு காயைச் சாகக் குடுத்தார். நான் வெட்டத்தானே வேணும்? வெட்டினன். அந்த ஓட்டையால இப்பிடி வந்தார், இப்பிடி, இப்பிடி, இப்பிடி... ஹாஜி!"

அவர் விரல் மேலிருந்து கீழாக, பாம்பு போல வளைந்து வளைந்து இறங்கும். ஒவ்வொரு நாளும் அதே வழி. தோற்றவனுக்கு அந்த வழி மறக்காது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். பேச்சுக்கு நடுவே அவர் தடியனின் விலாவை அமுக்கித் தட்டத்தை வெளியே வரவழைப்பார். விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். டாக்டர் அவருக்குச் சீனியை அடியோடு நிறுத்தியிருந்தார்.

"தியாகு, சீனி வியாதி!"

"டாக்டர் கோப்பியில போடக் கூடாதெண்டுதான் சொன்னவர். கம்ப்யூட்டரைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

பிறகு அதே விரலால் மறுபடியும் அண்ணன் வந்த வழியைக் காட்டுவார். இப்பிடி, இப்பிடி, இப்பிடி.

அடுத்த ஞாயிறு நானும் போய் உட்கார்ந்தேன். எனக்கு டாம் வராது; துணைக்கு உட்கார வரும். ஆட்டம் தொடங்கி வெகுநேரம் ஆயிற்று. தடியன் சூடேறி, காற்றாடி ஊளையிடத் தொடங்கியது. மெல்பர்னிலிருந்து, "அங்க என்ன புயலோ?" என்று தேவானந்தன் கேட்டார்.

"இல்லை அண்ணை. செல்லப்பன்ர கம்ப்யூட்டர்."

"நீ யோசிக்கிறாயோ, நித்திரையோ?"

"யோசிக்கிறன்."

"யோசி, யோசி. பலகைக்குப் போன கிழமைதான் எண்ணெய் பூசினனான். என்ர வீட்டிலையே வடிவாய் இருக்கு."

தியாகுவின் காய்கள் குறைந்துகொண்டு வந்தன. அண்ணனின் காய்கள் வழக்கம்போல் வேலி கட்டி நின்றன. தியாகுவின் நெற்றியில் வேர்வை. நான் கூரையைப் பார்த்தேன். அங்கே பல்லி ஒன்று இருந்தது, அதுவும் ஆட்டத்தைப் பார்க்க மனமில்லாமல் திரும்பிக்கொண்டது.

அப்போது ஒரு வாசனை வந்தது. பாயசம் காய்ச்சும் வாசனை. தடியனின் சூட்டில் உள்ளே இருந்த குலா மெலாக்கா உருகி, விலாவோரமாகக் கசிந்திருந்தது. சுவரோரத்திலிருந்து எறும்புகள் வந்தன. மேசைக்காலில் ஏறி, தடியனின் விலாவைச் சுற்றி, திரைக்கு ஏறின. திரையில் என்ன இருக்கிறது அவற்றுக்கு? இருந்தது. ஒரு வாரமாய் இனிப்பு விரல் இழுத்த கோடு இருந்தது.

எறும்புகள் அந்தக் கோட்டைப் பிடித்தன. கீழேயிருந்து மேலே, ஒன்றன் பின் ஒன்றாக, வளைந்து வளைந்து நடந்தன.

"சனியன்கள்" என்று தியாகு தோள் துண்டை எடுத்தார். துடைக்கக் கையை ஓங்கினார். துண்டு அந்தரத்தில் நின்றது.

அவர் கண் எறும்புகளோடு நடந்தது. கீழிருந்து மேலே. ஒரு முறை, இன்னொரு முறை. துண்டை மெல்ல மடியில் வைத்தார்.

"என்னலா?" என்றேன்.

"பேசாதேங்கோ."

அண்ணன் எப்போதும் ஒரே மாதிரி வேலி கட்டுகிறவர். போன வாரம் எந்த வழியில் மேலிருந்து இறங்கினாரோ, அந்த வழி கீழேயிருந்து ஏறவும் இருந்தது. ஒரே ஒரு காய் குறுக்கே நின்றது. அதை அந்த இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். தியாகு சுட்டியைப் பிடித்தார். தன் காய் ஒன்றை அண்ணனின் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைத்தார்.

கைப்பேசியில் அண்ணன் சிரித்தார். "திரும்பவும் கை தவறிப்போச்சோ?"

"இல்லை அண்ணை. வெட்டுங்கோ."

"ம்?"

"வெட்டத்தானே வேணும்."

அண்ணன் சிரிப்பு நின்றது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வேறு வழியில்லை, சட்டம் சட்டம். வெட்டினார். வேலியில் ஓட்டை விழுந்தது.

தியாகு எழுந்து நின்றுகொண்டு ஆடினார். எறும்பு எந்தக் கட்டத்தில் வளைந்ததோ அந்தக் கட்டத்தில் அவர் காயும் வளைந்தது. தாண்டினார், வெட்டினார். தாண்டினார், வெட்டினார். "இப்பிடி! இப்பிடி! இப்பிடி!" கடைசி வரிசையில் போய் இறங்கியபோது, முன்னால் நடந்த எறும்பு ஒதுங்கி வழிவிட்டதை என் கண்ணால் கண்டேன்.

"ஹாஜி!" என்று தியாகு கத்தியதில் தெரு நாய்கள் குரைத்தன.

அதற்குப் பிறகு அந்த ஹாஜி பலகை முழுவதும் பறந்து மேய்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனிடம் நகர்த்த ஒரு காயும் மிஞ்சவில்லை.

கைப்பேசியில் அண்ணன் முகம் கிட்டே வந்தது. பிறகு, "ஆர் பக்கத்திலை? செல்லப்பனோ சொல்லித் தந்தது?"

"செல்லப்பனுக்கு டாம் தெரியாது அண்ணை. காயை நேராய்க் கொண்டுபோற மனுசன்."

எனக்கு ஒன்று தெரியாமல் இருப்பது அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்ப ஆர்?"

தியாகு கைப்பேசியை எடுத்துத் தடியனின் திரைக்கு நேரே பிடித்தார். எறும்புகள் இன்னும் நடந்துகொண்டிருந்தன. மெல்பர்னில் தேவானந்தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது... நான் போன கிழமை வந்த பாதையெல்லோ!"

"ஓம் அண்ணை."

"திரும்பி வந்திருக்கிறாய்."

"ஓம்."

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "சரி. டிக்கெட் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தியாகு உட்காரவில்லை. துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு வந்து, விளக்குமாற்றை எடுத்த என் கையைப் பிடித்துக்கொண்டார். "எறும்பைத் தொடாதேங்கோ." தனலெட்சுமி அன்று மாலை இன்னொரு வில்லை குலா மெலாக்கா அனுப்பினாள், எறும்புக்கு.

தீபாவளிக்கு முந்தின வாரம் நாங்கள் செனாய் விமான நிலையத்துக்குப் போனோம். கோலாலம்பூரிலிருந்து வந்த விமானம் வட்டம் அடிக்காமல் நேராக இறங்கியது. தடியனை வீட்டில் அணைத்து வைத்திருந்தோம். கண்ணாடிக் கதவு திறந்தது. கைத்தடியும் தள்ளுவண்டியுமாய், தியாகுவின் மூக்கோடு ஒரு பெரியவர் வந்தார். நெஞ்சோடு அணைத்து ஒரு பலகை.

தம்பியைப் பார்த்தார். நலமா, இளைத்துவிட்டாயா, ஒன்றும் கேட்கவில்லை.

"எங்கையடா அந்த எறும்பு?"

"வீட்டை இருக்குதுகள் அண்ணை."

"மெல்பேனிலிருந்து நல்ல எறும்பு மருந்து வாங்கிக்கொண்டு வந்தனான். ஏர்போட்டில பறிச்சுப்போட்டாங்கள்."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் பலகையை நீட்டினார். தியாகு வாங்கினார். வாங்கியவர், பூப்பந்துக் கோப்பையைத் தூக்குவதுபோல் தலைக்கு மேலே தூக்கினார். நான் கை தட்டினேன். தனலெட்சுமி தட்டினாள். யாரையோ அழைக்க வந்த ஒரு மலாய்க் குடும்பம், ஜொகூருக்கு ஏதோ பதக்கம் வந்துவிட்டது என்று நினைத்துத் தட்டியது. பிறகு வருகைக் கூடம் முழுவதும் தட்டியது. காவலரும் தட்டினார். அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்தக் கைதட்டலுக்கு நடுவே நடந்து போனார்கள்.

காரில் ஏறியதும் தேவானந்தன் என் பக்கம் திரும்பினார். "செல்லப்பன், அந்தத் தடியனை எனக்குத் தாங்கோ. நான் கொண்டுபோறன்."

"நடக்காது" என்றார் தியாகு, பலகையை இன்னும் மடியிலிருந்து இறக்காமல்.

"அப்ப மற்றது இருக்காமே, மெல்லிசானது? அதையெண்டாலும்..."

நான் வாயைத் திறப்பதற்குள் முன் இருக்கையிலிருந்து தனலெட்சுமி சொன்னாள்:

"அதைக் குடுக்க முடியாதுங்க. அதுக்குள்ள ஒண்ணும் வைக்க எடமில்ல."